கடல் மூடும் பாதை: ஃபைஃப் கரையும் கிராமண்ட் தீவும்

நியூ ஜெர்சியில் ஐசலினிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். வரும் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போகிறாராம். எடின்பரோவிலிருந்து கடலோரமாக எந்தெந்த இடங்களைப் பார்க்கலாம் என்பது முதல் கேள்வி. கிராமண்ட் தீவுக்குக் கடலுக்குள் நடந்தே போகலாமாமே, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு உடனே பதில் அனுப்பிவிட்டேன். இரண்டாவதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் எழுத உட்கார்ந்து, முடியாமல் எழுந்துவிட்டேன். அதனால் 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாங்கள் போய்வந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். படித்துவிட்டு அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

அப்போது நாங்கள் ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தோம். மனைவி வசந்திக்கு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு அந்த வசந்த காலத்தில்தான் கிரீன் கார்டு கைக்கு வந்திருந்தது. அதுவரை நாட்டைவிட்டு வெளியே போவதென்றால் எங்களுக்கு ஈரோடு மட்டும்தான்; அதுவும் திரும்பி வரும்போது உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற கலக்கத்தோடு. வசந்தியின் அண்ணன் சுந்தரம் கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் சிப் வடிவமைக்கும் இன்ஜினியர். எடின்பரோவுக்குப் பக்கத்தில் இருந்த கிளையில் அவருக்கு ஒரு வார வேலை வந்தது. "ஹோட்டல்ல தனியா உக்காந்து பிரெட் தின்னுட்டு இருக்கணும் மாப்ள. நீங்க டிக்கெட் போடுங்க, நான் கடைசி ரெண்டு நாள் லீவ் அப்ளை பண்றேன்" என்று போனில் சொன்னார். போட்டோம்.

மகள் நித்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. நியூ ஜெர்சியில் பிறந்தவள். அவளை எடிசனில் ஒரு நண்பர் வீட்டில் விட்டு, சம்மர் கேம்ப்பில் சேர்த்துவிட்டுப் போவதாகத்தான் முதலில் பேச்சு. கேம்ப்பில் இடம் நிரம்பிவிட்டது. அதனால் அவளும் வந்தாள்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். அமெரிக்கா வருவதற்கு முன் சென்னையில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். துறைமுகமும் மீனவர் குப்பங்களும் என் பகுதி. மெரினாவில் யாராவது அலையில் போனால் செய்தி எழுத நான்தான் போக வேண்டும். அப்படி எழுதியவற்றுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, வைத்துக்கொள்ள விரும்பவும் இல்லை. கூட இருந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: இன்னும் நாலு அடிதான் போனான் சார். ஆற்றங்கரை ஊர்க்காரனான எனக்கு அதற்குப் பிறகு கடல் என்றால் மணலில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. கால் நனைக்க மாட்டேன். வசந்தி இதைச் சொல்லிக் கேலி செய்வாள்.

நியூவர்க்கிலிருந்து லண்டன் வழியாக எடின்பரோ. புதன்கிழமை காலை போய்ச் சேர்ந்தோம். விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்தோம். நம் ஊர்ப்படி இடப்பக்கம் ஓட்டும் நாடு. எனக்கு அது பழக்கமானதுதானே என்று நினைத்திருந்தேன். கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் இத்தனை வருடம் ஓட்டியதில் கை மாறிவிட்டிருந்தது. முதல் ரவுண்டானாவில் நான் வலப்பக்கம் திரும்பப் போக, எதிரே வந்த லாரி ஒலி எழுப்பியது. வசந்தி "ஏனுங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லின் நடுக்கம் அன்று முழுவதும் காருக்குள் இருந்தது. உங்களில் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஓட்டியவர்கள், இரண்டும் தெரியும் என்று நம்பி முதல் நாளே ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். ஓர் இரவு தூங்கி எழுந்து ஓட்டுங்கள்.

வியாழன் முழுவதும் ஃபைஃப் கடற்கரைக்கு. எடின்பரோவிலிருந்து ஃபோர்த் பாலம் தாண்டி செயின்ட் ஆண்ட்ரூஸ் ஐம்பது மைல். ஒன்றரை மணி நேரம். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அது தலைநகரம். நாங்கள் பார்க்கப் போனது கடலை ஒட்டி இடிந்து நிற்கும் கோட்டையையும் பேராலயத்தையும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வாங்கலாம். பதினாறாம் நூற்றாண்டு முற்றுகையின்போது கோட்டையைத் தகர்க்க வெளியிலிருந்து ஒரு சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். அதைத் தடுக்க உள்ளே இருந்தவர்கள் சத்தத்தை மட்டும் வைத்து இன்னொரு சுரங்கம் தோண்டி, பாறைக்குள் எதிராளியைச் சந்தித்திருக்கிறார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் குனிந்து போகலாம். நித்யா போனாள், சுந்தரம் போனார். நான் பாதியில் திரும்பிவிட்டேன். ஈரப் பாறை முதுகில் உரச, எதிரே யாரோ தோண்டிக்கொண்டு வருவது காதில் விழுந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்ததுதான் காரணம். அதே கோட்டையில் பாறையைக் குப்பி வடிவத்தில் குடைந்த சிறைக்குழி இருக்கிறது. கழுத்து குறுகல், உள்ளே அகலம். கம்பிக்கு மேல் நின்று பார்க்கலாம். வெகுநேரம் பார்க்க முடியாது.

அங்கிருந்து பத்து மைலில் கிரெயில் என்ற மீன்பிடி ஊர். துறைமுகத்துக்கு இறங்கும் சந்து அவ்வளவு குறுகல். ஒரு கார்தான் போகலாம். பார்த்துவிட்டு நாங்கள் மேலே ஏறிவரும்போது எதிரே ஒரு பாட்டி சின்னச் சிவப்புக் காரில் இறங்கி வந்தார். சுவரோரம் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் ஒதுங்கி நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, முதலில் நீங்கள் வாருங்கள் என்று அழைத்தேன். அவர் என்னைத் திகைத்துப் பார்த்துவிட்டுக் காரைப் பின்னால் எடுத்தார். புரியவில்லை போலிருக்கிறது என்று இன்னும் வேகமாகக் கையை ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாகப் பின்னால் போனார். சந்தின் தலைப்பு வரைக்கும் அந்தக் கார் முனகிக்கொண்டே பின்வாங்கியது.

பின் சீட்டில் நித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, யூ டோல்ட் ஹெர் டு கோ பேக்."

"நான் வாங்கன்னுதான கூப்பிட்டேன்?"

"நோ. கை இப்படி கீழ பாத்தா கோ அவே. ஸ்கூல்ல நீ என்னைக் கூப்பிடறப்ப என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஓடிப் போயிடுவாங்க, தெரியுமா?" உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்களை மடக்கிக் காட்டினாள். "இதுதான் கம்."

"அது நாய்க்குட்டிய கூப்பிடறது" என்றார் சுந்தரம்.

அவர் சொன்னதில் தவறில்லை. உள்ளங்கையைத் தரைக்குக் காட்டி நான்கு விரல்களையும் தாழ்த்தி ஆட்டுவதுதான் நமக்கு வா. விரலை மேலே காட்டி ஒரு பெரியவரை அழைத்தால் ஊரில் முகம் சுளிப்பார்கள். இத்தனை வருட அமெரிக்காவில் பேச்சு மாறியது, சாப்பாடு மாறியது, கை மாறவில்லை. பாட்டியிடம் மன்னிப்புக் கேட்க மேலே போய்ப் பார்த்தால் அவர் கிளம்பிவிட்டிருந்தார். எல்லோருமே சிரித்தோம்.

சாயங்காலம் ஆன்ஸ்ட்ரூதரில் மீன்பிடி அருங்காட்சியகம். பழைய படகுகள், வலை பின்னும் ஊசிகள், உப்பு மீன் பீப்பாய்கள் என்று நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். கடலில் போனவர்களுக்காக ஒரு நினைவு அறையும் உண்டு. பெயர்ப் பலகைகளில் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வந்தது. நான் உள்ளே போய் நின்றேன், இரண்டு பலகை படித்தேன், வெளியே வந்துவிட்டேன். எதிரே மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. வறுவலையும் அதே எண்ணெயில்தான் பொரிக்கிறார்களா என்று சுந்தரம் மூன்று கடைகளில் விசாரித்து, கடைசியில் ஆப்பிள் சாப்பிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிராமண்ட்.

எடின்பரோ நகரத்திலிருந்து ஐந்து மைல் மேற்கே, ஆல்மண்ட் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் வெள்ளைச் சுவர் ஊர் அது. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி ஒரு சின்னத் தீவு. கடல் இறங்கியிருக்கும்போது சேற்றுக்கு நடுவே ஒரு காங்கிரீட் பாதை தெரியும். அதில் நடந்து போகலாம். பாதையின் ஒரு பக்கம் முழுக்க, தீவு வரைக்கும், ஆளைவிட உயரமான காங்கிரீட் தூண்கள் பல்வரிசை மாதிரி நிற்கின்றன. உலகப் போரின்போது எதிரிப் படகுகள் நுழையாமல் இருக்க நட்டவை. ஏறும் கடல் அந்தப் பாதையை முழுவதும் மூடிவிடும். அன்றைக்குப் பாதுகாப்பான நேரம் ஒன்பது இருபது முதல் ஒன்று இருபது வரை என்று கரைப் பலகையில் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தது பத்தேகாலுக்கு. நேரம் தாராளம்.

கார் நிறுத்தச் சில்லறை இல்லை. வசந்தி கைப்பையைக் கொட்டித் தேடினாள். சுந்தரம் நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில்லறை கிடைத்து, ஷூ நாடா கட்டி முடித்து நிமிர்ந்தபோது பத்து முப்பத்து மூன்று.

"போச்சு" என்றார் சுந்தரம். "ராகு காலம் வந்துருச்சு."

"அண்ணா, மூணு நிமிஷம்தான."

"மூணு செகண்டுன்னாலும் ராகு காலம் ராகு காலம்தான் வசந்தி. தண்ணியத் தாண்டிப் போற விஷயம். பன்னெண்டு மணிக்குப் போலாம். ஒண்ணு இருபது வரைக்கும் டைம் இருக்குல்ல?"

"நீங்கதான சிப்புக்கு நானோ செகண்ட் கணக்கு பாக்கறவரு. ராகுவுக்கு எந்த ஊர் டைம் மச்சான்? ஈரோடா, சன்னிவேலா, எடின்பரோவா?" என்று கேட்டேன்.

"கேலண்டர்ல போட்டிருக்கற டைம். எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். கேலி பண்ணாதீங்க மாப்ள, கார்ல சாமி படம் இருக்கு."

வாடகைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே அவர் உண்மையிலேயே ஒரு பிள்ளையாரை ஒட்டிவைத்திருந்தார். அந்த ஒன்றரை மணி நேரம் கிராமண்டிலேயே கழிந்தது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் ரோமானியர் கோட்டையின் அடித்தளக் கற்கள் புல்லுக்குள் தெரிகின்றன. ரோமப் பேரரசின் வட எல்லை ஒரு காலத்தில் இந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் காது கடல் பக்கமே இருந்தது. தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது, தீவுக்குப் போனவர்கள் இரண்டு மூன்று பேராகக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். நாம் போக வேண்டிய நேரத்தில் எல்லோரும் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று வசந்தியிடம் சொன்னேன். "போகவேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள். சொன்னேன். நித்யா முகம் தொங்கிவிட்டது. சுந்தரம் நாப்கினில் கணக்குப் போட்டுக் காட்டினார். போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து, நடுவில் கால் மணி நேரம், கையிருப்பு பத்து நிமிடம்.

பன்னிரண்டு ஐந்துக்கு இறங்கினோம்.

பாதை கரைக்கு அருகே நன்றாகத்தான் இருக்கிறது. போகப்போகப் பாசி, சிப்பி, தேங்கிய தண்ணீர். வேகமாக நடக்க முடியாது. பாதி வழியில் ஓர் இடம் லேசாகத் தாழ்ந்து பள்ளமாக இருந்தது; அங்கே காங்கிரீட் மேலேயே கடற்பாசி படர்ந்திருந்தது. தண்ணீர் அதிக நேரம் நிற்கும் இடம் என்று அர்த்தம். அதை மனதில் குறித்துக்கொண்டேன். தீவில் ஏறியபோது பன்னிரண்டு முப்பத்தைந்து ஆகிவிட்டது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு இதே இடத்தில் எல்லோரும், என்று சொல்லியே அனுப்பினேன். சுந்தரமும் நித்யாவும் தீவின் மறுமுனைக்குப் போனார்கள். அங்கே போர்க்காலப் பீரங்கி மேடைகளும் கூரை இல்லாத காங்கிரீட் அறைகளும் இருக்கின்றன. நானும் வசந்தியும் பாதையின் தலைப்பிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்தோம். மேற்கே ஃபோர்த் ரயில் பாலம் சிவப்பாகத் தெரிந்தது. அழகான இடம்தான். நான் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அலை இல்லை, சத்தம் இல்லை. சேற்றின் நிறம் ஓரத்திலிருந்து மாறிக்கொண்டே வந்தது. சற்று முன் சேறாக இருந்த இடம் கண்ணாடி மாதிரி மினுங்கியது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அவர்கள் வரவில்லை. கூப்பிட்டேன், காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. ஒரு மணிக்கு நானே ஓடினேன். தீவின் கடைசி மேடையில் சுந்தரம் வீடியோ கேமராவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். நித்யா அறைக்குள் நின்று எதிரொலிக்காகக் கத்திக்கொண்டிருந்தாள். நான் அழைத்தது அவளுக்குக் கேட்டிருக்கவே முடியாது.

திரும்பிப் பாதையில் கால் வைத்தபோது ஒன்று பத்து. சுந்தரம் நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். நானும் வசந்தியும் முப்பதடி பின்னால். எங்களைத் தவிரப் பாதையில் ஆள் இல்லை. முதல் கால் பங்கு உலர்ந்தே இருந்தது. பிறகு தூண்களின் இடைவெளிகளில் தண்ணீர் ஊறுவது தெரிந்தது. பிறகு அது பாதையைக் குறுக்காகக் கடந்து மறுபக்கம் போனது. ஷூ நனைந்தது. கணுக்கால் நனைந்தது. அந்தக் குளிர் எலும்பில் வலியாக ஏறியது. பள்ளமான இடம் இன்னும் முன்னால் இருந்தது. அங்கே பாதையே தெரியவில்லை, தூண்கள் மட்டும் தண்ணீரிலிருந்து முளைத்திருந்தன.

அப்போதுதான் கரைப் பக்கம் ஒரு மனிதரைப் பார்த்தோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், பாதையில் இறங்கி வந்து, தண்ணீரின் ஓரத்தில் ஒரு நாயுடன் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி எங்களைப் பார்த்து ஆட்டினார். உள்ளங்கைகள் கீழே பார்க்க, விரல்கள் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தன. வா, வா, சீக்கிரம் வா.

"கூப்பிடறாரு பாரு" என்று சுந்தரம் திரும்பிக் கத்தினார். "பள்ளத்தத் தாண்டிட்டா அந்தப் பக்கம் மேடுதான். இன்னும் கொஞ்ச தூரம்தான் மாப்ள, வாங்க."

உள்ளூர்க்காரர் அழைக்கிறார் என்றதும் எனக்கும் தெம்பு வந்தது. வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன். நாங்கள் வேகமாக நடக்க நடக்க அந்த மனிதரின் கைகளும் வேகமாக ஆடின. இப்போது அவர் குதிக்கவே செய்தார். எதையோ கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. தண்ணீர் முழங்காலைத் தொட்டது. சுந்தரம் கேமராப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நித்யாவைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார்.

தோள் மேலிருந்து அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். "மாமா, ஸ்டாப்" என்றாள்.

"பயப்படாத கண்ணு, மாமா புடிச்சிருக்கேன். அங்கிள் வரச் சொல்றாரு பாரு."

"நோ மாமா. ஹி இஸ் நாட் சேயிங் கம். ஹி இஸ் சேயிங் கோ பேக்."

"கூப்பிடறாருடா, பாரு நல்லா."

"கோ பேக்னு சொல்றார்! அப்பா! தட் லேடி! தட் ரெட் கார்!"

சந்தில் பின்வாங்கிய அந்தச் சிவப்புக் கார் என் கண் முன்னால் வந்தது. நான் ஆட்ட ஆட்ட அது வேகமாகப் பின்னால் போனது. இப்போது அவர் ஆட்ட ஆட்ட நாங்கள் வேகமாக முன்னால் போகிறோம்.

"மச்சான், நில்லுங்க" என்றேன்.

"இன்னும் நாலு அடிதான் மாப்ள."

அந்த வார்த்தையை நான் எத்தனை பேர் வாயிலிருந்து எழுதி எடுத்திருக்கிறேன். எப்படிப் போனேன் என்று தெரியாது, அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அவர் தடுமாறினார். ஒரு கணம் நித்யா தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தாள். வசந்தி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். சுந்தரத்துக்கு எதிரே, இரண்டு எட்டில், பள்ளத்துக்கு மேல் தண்ணீர் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டைத் துண்டு அதில் மிதந்து வந்து, தூணில் மோதி, சுழன்று, இடைவெளிக்குள் காணாமல் போனது. அதை அவரும் பார்த்தார்.

திரும்பினோம். வந்ததைவிட அது மோசம். பாதை எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூண்களை ஒட்டி, ஒவ்வொரு தூணாகக் கையால் தொட்டுக்கொண்டு போனோம். சிப்பி கையைக் கிழித்தது. தண்ணீர் என் தொடை வரை வந்தது, வசந்திக்கு இடுப்பு. அவள் ஒரு முறை வழுக்கி முழுவதும் நனைந்தாள். நித்யா சுந்தரத்தின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்னால் எந்தத் தூண் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் குரல் மட்டும் அழாமல் இருந்தது. பிறகு கால் சரளைக்கல்லில் பட்டது. பிறகு புல்.

திரும்பிப் பார்த்தோம். பாதை இல்லை. கரைப் பக்கம் அந்த மனிதர் கை ஆட்டாமல் நின்றிருந்தார்.

பயம் அத்தோடு முடியவில்லை. ஏறும் கடல் எதுவரை ஏறும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தீவே மூழ்குமா என்று வசந்தி கேட்டாள். உயரமான மேட்டுக்குப் போய்க் காற்று படாத ஒரு காங்கிரீட் அறைக்குள் உட்கார்ந்தோம். சன்னிவேலிலிருந்து கொண்டுவந்த செல்போனைச் சுந்தரம் எடுத்துப் பார்த்தார். அந்த நாட்டில் அது வேலை செய்யாது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் பலமுறை எடுத்துப் பார்த்தார். நித்யாவின் உதடு நீலமாகிப் பற்கள் கிட்டிப்போயிருந்தன. என் சட்டையையும் அவள் மேல் போட்டோம். வசந்தி அவளை மடியில் வைத்துக்கொண்டு முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

படகு வர ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆனது. ஆரஞ்சு நிறக் காற்றடைத்த படகு, மூன்று பேர். நாய்க்காரர்தான் ஓடிப்போய்ப் போன் செய்திருக்கிறார். படகில் வந்தவர்கள் ஒரு கடிந்த சொல் சொல்லவில்லை. இந்தக் கோடையில் நீங்கள் முதல் குடும்பம் இல்லை, கடைசியும் இல்லை என்றார் ஒருவர். பள்ளத்தைக் கடக்கும்போது படகின் ஓரம் அவர் கையிலிருந்த கழியை நீருக்குள் விட்டுக் காட்டினார். கழி முழுவதும் உள்ளே போயிற்று.

கரையில் அந்த மனிதர் காத்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பழைய பழக்கத்தில் பெயரும் வயதும் கேட்டேன். எதற்கு என்று சிரித்து மழுப்பிவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. "நான் போ, போ என்று விரட்ட விரட்ட நீங்கள் வேகமாக வந்தீர்கள். அந்தக் குழந்தை தோளிலிருந்து சாய்ந்ததும் என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பி நின்றுகொண்டேன்" என்றார். எங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் வா என்று அர்த்தம் என்று சொன்னேன். அவர் தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் விடுதியில் நித்யா தூங்கிய பிறகு சுந்தரம் எங்கள் அறைக்கு வந்தார். கையில் ஒரு தாள். முகம் தெளிந்திருந்தது.

"கண்டுபுடிச்சிட்டேன் மாப்ள. கேலண்டர் டைம் ஆறு மணிக்கு சூரியன் வர்ற ஊருக்கு. இங்க நாலரைக்கே வந்துருது, ராத்திரி பத்துக்குத்தான் மறையுது. பகல எட்டாப் பங்கு போட்டா இங்க ராகு காலம் பதினொண்ணுல இருந்து ஒண்ணேகால் வரைக்கும். நாம கரெக்டா ராகு காலத்துல எறங்கியிருக்கோம்."

வசந்தி துவைத்த துணியை ஹீட்டரில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "அப்ப பத்தரைக்குப் போயிருந்தா நல்ல நேரம்."

சுந்தரம் தாளைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

இனி, போகிறவர்களுக்கு. செயின்ட் ஆண்ட்ரூஸ், கிரெயில், ஆன்ஸ்ட்ரூதர் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலை எட்டு மணிக்குக் கிளம்புங்கள். கோட்டைச் சுரங்கத்துக்கு முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டாம். இந்திய பாஸ்போர்ட் என்றால் கிரீன் கார்டு இருந்தாலும் பிரிட்டிஷ் விசா தனியாக எடுக்க வேண்டும்; பயணத்துக்கு வெகு முன்பே விண்ணப்பியுங்கள். டிக்கெட், கார் வாடகை எல்லாம் நாங்கள் போனதற்கு இப்போது வெகுவாக மாறியிருக்கும், அதனால் எழுதவில்லை. ஜூனிலும் கம்பளிச் சட்டை வேண்டும்.

கிராமண்டுக்கு, அன்றைய பலகையைப் பார்க்காமல் இறங்காதீர்கள். பலகை சொல்லும் நேரத்தின் முதல் பாதியில் போய், முதல் பாதியிலேயே திரும்பிவிடுங்கள். கடைசி நேரம் என்று போட்டிருப்பது கரையில் கால் வைத்திருக்க வேண்டிய நேரம், தீவிலிருந்து கிளம்பும் நேரமல்ல. பாதையில் தண்ணீரைக் கண்டால் அது கணுக்கால் அளவே என்றாலும் தீவுக்குத் திரும்பி, மேட்டில் உட்கார்ந்து, உதவிக்குக் காத்திருங்கள். தீவு மூழ்காது; அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களை மீட்க வருகிறவர்கள் பணம் கேட்க மாட்டார்கள். கரையில் ஓர் உண்டியல் இருக்கும், அதை மறக்காதீர்கள்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமாக நான் வேண்டாம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இன்றைக்கும் என் தூக்கத்தைக் கெடுப்பது அவள் தோளிலிருந்து சாய்ந்த அந்தக் கணம் அல்ல. எடிசன் கேம்ப்பில் ஓர் இடம் காலியாக இருந்திருந்தால் என்ற நினைப்புதான். அவள் இல்லாமல், நாங்கள் மூன்று பேரும் மட்டும் அந்தப் பாதையில், எங்களை அழைப்பதாக நினைத்த கையை நோக்கி, சந்தோஷமாக வேகமாக நடந்துகொண்டிருக்கிறோம்.